கற்பூரம் அணைத்த சாட்சி

எங்கள் ஸ்டேஷனில் யாரை எங்கே போடுவதென்று தெரியாவிட்டால் கோர்ட் டூட்டிக்குப் போட்டுவிடுவார்கள். திருவிழா பந்தோபஸ்து என்றால் ஒரு பொட்டலம் சாப்பாடாவது கிடைக்கும். கோர்ட் கான்ஸ்டபிளுக்குக் கிடைப்பதெல்லாம் வாய்தாதான். சாட்சிகளின் வீடு தேடிப் போய் சம்மன் கொடுக்க வேண்டும். விசாரணை அன்றைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூண்டில் ஏறி இறங்கும்வரை காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசுகிறவள் என்று நான் பேர் வாங்கியிருந்தேன். அதனால் தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

சாட்சியை மிரட்டுவது என்றால் அரிவாளைக் காட்டுவார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த முரட்டுத்தனமெல்லாம் கிடையாது. நலம் விசாரிப்பார்கள். டீக்கடையில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். "பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது? நடந்தா போவுது? பார்த்து அனுப்பும்மா, லாரி கண்டமேனிக்கு வருது" என்பார்கள். இதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? அக்கறையாகக் கேட்டதாகத்தான் ஊரே சொல்லும். கேட்டவர் போன பிறகு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது.

கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர். எதிரி ஜாமீனில் வெளியே இருப்பான். கொலை வழக்கென்றால் எல்லோரும் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். ஆரணியிலிருந்து காலையில் போகிற பஸ் எல்லோருக்கும் பொதுதானே? எதிரி, எதிரியின் அண்ணன், செத்தவனின் பெண்டாட்டி, சாட்சி, நான், எல்லோரும் அதே பஸ்ஸில் நின்றும் உட்கார்ந்தும் போன நாட்கள் உண்டு. எதிரி எழுந்து சாட்சிக்கு சீட் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் உட்கார்ந்தார், அன்றைக்கே கோர்ட்டில் எதுவும் தெரியாது என்றார். அதற்குப் பிறகு நான் சாட்சிகளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏற்றி, போளூரில் இறங்கி வேறு பஸ் மாற்றிக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். ஜன்னலோரம் அவர்களை உட்காரவைத்து இந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்வேன். சாட்சிக்குப் பாதுகாப்பு என்று அப்போது தனியாக எந்த ஏற்பாடும் கிடையாது. இருந்த ஏற்பாடு நான்தான்.

இப்போது சொல்லப்போவது தார் சுற்றுகிற ஒரு பெண்ணைப் பற்றி. நெசவு நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. அவள் வாசலை ஒட்டிய அறையில் ராட்டையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுவாள். வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். எதிர்வீட்டு நெசவாளியை அடித்துக் கொன்றதை அந்தக் கதவு வழியாகத்தான் பார்த்தாள்.

அடித்தவன் அந்தத் தெருவுக்கு நூல் கொடுக்கிற பட்டு முதலாளியின் தம்பி. கொடுத்த பட்டில் எடை குறைகிறது, நீ திருடி விற்கிறாய் என்று வீடு தேடி வந்து சண்டை போட்டான். வாய்ச் சண்டை முற்றி, வாசலில் கிடந்த தறிக்கட்டையை எடுத்து மண்டையில் போட்டான். பட்டப்பகல். ஆள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அங்கேயே செத்துப்போனார். தெருவே பார்த்த சம்பவம். போலீசில் வாக்குமூலம் கொடுத்தவர்களும் நிறையப் பேர். ஆனால் கோர்ட்டில் ஏறியதும் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். ஒருத்தர் அன்றைக்கு முள்ளிப்பட்டில் இருந்தேன் என்றார். ஒருத்தருக்கு சாயங்காலமானால் கண் தெரியாதாம். சம்பவம் நடந்தது மத்தியானம் என்று அரசு வக்கீல் சொன்னதும், மத்தியானமும் அப்படித்தான் என்றார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தெருவில் முக்கால்வாசித் தறிகளுக்குப் பாவும் நூலும் அந்த முதலாளி வீட்டிலிருந்துதான் வரும். அடுத்த பாவு வராவிட்டால் தறி சும்மா நிற்கும், அடுப்பும் நிற்கும். தார் சுற்றுகிற பெண்ணின் புருஷன் மட்டும் வேறு முதலாளிக்கு நெய்துகொண்டிருந்தான். அதனால்தான் அவளுக்கு வாய் மிச்சம் இருந்தது. கடைசியில் அந்தக் கேஸ் முழுக்க அந்த ஒரு வாயில் வந்து நின்றது.

சம்மனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ராட்டையை நிறுத்தாமலே, "நான் வரலீங்கம்மா" என்றாள்.

"ஏன், யார்னா மிரட்டினாங்களா?"

"அய்ய, யாரும் மிரட்டல. அந்த பெரியம்மாதான் வந்துட்டுப் போனாங்க."

பெரியம்மா என்றது முதலாளியின் அம்மாவை. ராட்டையை நிறுத்திவிட்டு வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் தோல் கறுத்து உரிந்திருந்தது.

போன வாரம் அந்தம்மா பூவும் வெற்றிலை பாக்குமாக இவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் அந்த வாசலை மிதிக்காதவர். மகளே என்று கூப்பிட்டாராம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். பிறகு இவளையும் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவள் பெண்ணையும் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், தட்டில் கற்பூரம் ஏற்றி, ஒரு கையை மகள் தலையில் வைத்து மறு கையால் அணைக்கச் சொல்லியிருக்கிறார். பார்த்ததைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம்.

"என்னை ஒரு வார்த்தை திட்டலீங்கம்மா. எம் புள்ளைய காப்பாத்துடின்னு அழுதுகினே இருந்தாங்க. வயசானவங்க. நான் இன்னா பண்றது?"

"உனக்குச் சொல்லணும்னு இருக்கா, இல்லியா? அத சொல்லு மொதல்ல."

அவள் திறந்திருந்த கதவு வழியாக எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். "அந்த ஆளு அடிபட்டு விழுந்தப்போ எம்மூஞ்சியத்தான் பார்த்தாரு" என்றாள். "தெனமும் அந்த வாசலப் பார்த்துகினுதான் தார் சுத்தறேன். எனக்குச் சொல்லணும். ஆனா எம் பொண்ணு தலை மேல சத்தியம் பண்ணிட்டேனே. கோர்ட்டுல ஏறி வாயத் தொறந்தா அதுக்கு இன்னானா ஆயிடும்மா."

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். "கற்பூரத்துக்கு எந்த செக்‌ஷன்ல எஃப்.ஐ.ஆர். போடறதும்மா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அரசு வக்கீலிடம் சொன்னேன். அவர் கேஸ் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோயில் கதையெல்லாம் கோர்ட்டுக்கு வாணாம். சாட்சி வருதா, வரலியா?" என்றார். இரண்டு பேருமே படித்தவர்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலென்றால் மந்திரித்த கயிறு கட்டுகிறவர்கள்தான். ஆபீசுக்குள் வரும்போது மட்டும் சாமியைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வருவார்கள்.

திரும்ப அவளிடம் போனேன். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கட்டாயப்படுத்திச் செய்த சத்தியம் செல்லாது என்றேன். சாமிக்குத் தெரியாதா என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஆனால் ஒரு அடி நகரவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"கட்டுன எடத்துலயே அவுக்கணுங்கம்மா. அதே அம்மன் முன்னாடி. வேற யார்னா அந்த சத்தியத்த அவங்க தலை மேல வாங்கிக்கினா என்கிட்டருந்து எறங்கிடும். எங்க வழக்கம் அதான். ஆனா யார் வாங்குவாங்க?"

"நான் வாங்கறேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பேச்சில்லை அது. முதலாளி வீட்டு அழுகை மேல் இருந்த கோபத்தில் வந்தது.

அவள் என்னையே பார்த்தாள். "உங்க புள்ளைங்க மேலயா?"

"அதுங்கள எதுக்கு இழுக்கறே? என் தலை மேல. வர்றது எனக்கே வரட்டும்."

வெள்ளிக்கிழமை காலையில் யூனிஃபார்ம் இல்லாமல் சேலை கட்டிக்கொண்டு போனேன். பெரிய ரகசியம் என்று எனக்கு நினைப்பு. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் யாரோ நூல் பிரித்துக்கொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ இருந்தார்கள். பூக்காரி என்னைப் பார்த்து, "இன்னா போலீசம்மா, இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள். பூசாரிக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. "பெரிய எடத்து விவகாரம், என்னை ஏம்மா பேஜார்ல மாட்டி விடறீங்க?" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை நீட்டினார்.

நான் உரக்கவே சொன்னேன். "இவ பண்ண சத்தியம் இனிமே எம்மேல. இவ பார்த்தத சொன்னா வர்ற தோஷம் எதுவா இருந்தாலும் எனக்கு வரட்டும்." சொல்லிவிட்டுக் கையால் அமுக்கினேன். கற்பூரத்தை அணைப்பது லேசு என்று நினைத்திருந்தேன். சுரீரென்று பிடித்து, கை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தது.

நான் அத்தோடு கிளம்பியிருப்பேன். அவள் நகரவில்லை. பூசாரியிடம் இன்னொரு கட்டி கேட்டு வாங்கித் தானே ஏற்றினாள். "பார்த்தத பார்த்தபடி கோர்ட்டுல சொல்றேன் தாயே" என்று சொல்லி, ஏற்கெனவே புண்ணாயிருந்த அதே கையால் அணைத்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. வெளியே வந்து பூக்காரியிடம் பேரம் பேசிப் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு உண்டான பெருமையை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது. சட்டத்தால் முடியாததை நான் முடித்துவிட்டேனாம்.

விசாரணை அன்றைக்கு போளூரில் பஸ் மாற்றி அவளை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். எதிரி தரப்பு கோர்ட் வளாகத்துப் புங்க மரத்தடியில் கூடியிருந்ததால், பின்பக்கம் டைப்பிஸ்டுகள் உட்காரும் வராண்டாவில் அவளை உட்காரவைத்தேன். மூன்று முறை பெயர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினாள்.

அப்படி ஒரு சாட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை எந்தச் சத்தம் கேட்டு நிறுத்தினாள், அவன் கட்டையை எந்தக் கையில் எடுத்தான், அடி எங்கே விழுந்தது, எல்லாம் சொன்னாள். அடித்தவன் இங்கே இருக்கிறானா என்று கேட்டார்கள். உள்ளங்கைப் புண்ணோடு கையை நீட்டி, "அதோ, நீலச் சட்டை" என்றாள். எதிரி முதல்முறையாகத் தலையைக் குனிந்தான். செத்தவனின் பெண்டாட்டி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

எதிரி தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், சத்தமே போட மாட்டார். கல்யாணத்துக்கு வந்த மாமா போலப் பேசுவார்.

"போன வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனீங்களாம்மா?"

"போனேங்க."

"தனியாவா போனீங்க?"

"இல்லீங்க. போலீசம்மா கூட."

நான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணீங்களா?"

"பண்ணேங்க."

"கோர்ட்டுல சொல்லணும்னுதானே அந்த சத்தியம்?"

"அதுக்கு முன்னாடியே, அந்த பெரியம்மா வந்து என்னை..."

"நான் அத கேக்கலம்மா. போலீசம்மா கூட்டிக்கினு போய், கோர்ட்டுல சொல்றேன்னு சத்தியம் பண்ணீங்க. ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொல்கிறேனா என்று பார்த்த பார்வை இல்லை அது. உண்மையைச் சொல்லத்தானே கூட்டி வந்தாய் என்று நம்பிக்கையோடு பார்த்த பார்வை.

"ஆமாங்க" என்றாள்.

"சொல்லிக்கொடுத்த சாட்சி, ஐயா" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "ஐயா, முதல்ல சத்தியம் வாங்கினது அவங்கதாங்க" என்று தொடங்குவதற்குள் டவாலி ஓடிவந்து தோளை அழுத்தி உட்காரவைத்தார். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் பேரில் தப்பில்லை, நான் சாட்சிப் பட்டியலில் இல்லாதவள். கேட்க வேண்டியவர் அரசு வக்கீல். சாட்சி பாதியில் நிறுத்திய அந்தப் பேச்சை எடுத்து, அதற்கு முன்னால் என்னம்மா நடந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் அவரைப் பார்த்தேன். கோயில் கதை வேண்டாம் என்றவர் அல்லவா. எழுந்து, "மறுவிசாரணை இல்லை" என்றார்.

தீர்ப்பில் சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். ஒரே சாட்சியைப் போலீஸ் கோயிலுக்கு அழைத்துப்போய் சத்தியத்தால் கட்டியிருப்பதால் அந்தச் சாட்சியத்தை நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தது. கட்டியது நாங்களாம். அன்று சாயங்காலம் ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் விடுதலையானவனும் செத்தவனின் பெண்டாட்டியும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வந்தார்கள். நான் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டு வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்காரப் பிடிக்கவில்லை.

எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். கற்பூரம் என் சொந்தச் செலவில் வாங்கியது, அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை என்றும் ஒரு வரி சேர்த்து எழுதினேன். அதற்கும் ஒரு மெமோ வந்தது.

அதைவிடக் கேவலம், முதலாளி ஒரு பெட்டி ஸ்வீட்டோடு ஸ்டேஷனுக்கு வந்ததுதான். கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களாலதாங்க எந்தம்பி வெளிய வந்தான்" என்றார். கிண்டல் என்றாலாவது அறைந்திருக்கலாம். அந்த மனிதர் நெஞ்சாரச் சொன்னார். ரைட்டர் முதல் ஆளாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஸ்வீட்டு இன்னா பாவம் பண்ணுச்சு மேடம், எடுத்துக்குங்க" என்றார்.

பிற்பாடு, இரண்டாயிரத்துக்குப் பிறகு, சாட்சிகளைப் பாதுகாப்பது பற்றி எங்களுக்கு வேலூரில் வகுப்பு எடுத்தார்கள். மேலே ஃபேன், கையில் ஃபைல், நடுவில் பிஸ்கட். திரைக்குப் பின்னால் சாட்சியை நிறுத்தலாம், தனி அறையில் உட்காரவைக்கலாம் என்றெல்லாம் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். கற்பூரத்தில் சத்தியம் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று எழுந்து கேட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. வகுப்பெடுத்தவரும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருந்தேன். தீர்ப்பு வந்த பிறகு வந்த மழைக்காலத்தில் அந்தப் பெண்ணின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. டைஃபாய்டு. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆரணி ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாட்களில் அது பிழைக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தெருவில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. தார் சுற்ற அவளுக்கு யாரும் நூல் கொடுப்பதில்லை. சத்தியத்தை மீறியவள் கை பட்ட நூலில் கல்யாணப் புடவை நெய்யலாமா என்றார்களாம். எதிர்வீட்டில் செத்தவனுக்காகப் பேசியதற்கு அவளுக்குக் கிடைத்தது அந்தப் பெயர்.

ஆரஞ்சுப் பழமும் பிரட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கூடை பழம் இருந்தது. முதலாளியின் அம்மா வந்து குழந்தைக்கு விபூதி பூசிவிட்டுப் போயிருக்கிறார். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அம்மா, உங்கள ஒண்ணு கேக்கணும்" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள். "அன்னிக்கு கோயில்ல, இவ சத்தியம் இனிமே எம்மேலன்னு சொன்னீங்களா?"

"இது தண்ணியில வர்ற காய்ச்சல்மா. உங்க தெருவுல சாக்கடைத் தண்ணியும் குழாய்த் தண்ணியும்..."

"நான் அத கேக்கலீங்க. சொன்னீங்களா? ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"ஆமா" என்றேன்.

"வர்றது உங்களுக்கு வரட்டும்னீங்க. உங்களுக்கு இன்னானா வந்துச்சா?"

மெமோவைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கட்டிலில் குழந்தை வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் எழுந்து, குழந்தையின் நெற்றியிலிருந்த துணியை எடுத்துப் பிழிந்து திரும்பப் போட்டாள்.